ரயிலேறிய லாரி

கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும், அடுத்து நான் ஏறும் பஸ்ஸின் ஆறு சக்கரமும் ஒரே நேரத்தில் பஞ்சராகி, நிழலுக்கு ஒரு வேலிக்கருவை கூட இல்லாத பொட்டலில் நிற்கட்டும்: சங்ககிரி அர்த்தநாரி தன் லாரியை ஓட்டாமலே எழுநூறு கிலோமீட்டர் ஓட்டினான். சாவி சட்டைப் பையில் கிடந்தது, இன்ஜின் சில்லிட்டுக் கிடந்தது, ஆனால் வண்டி மலை ஏறியது, ஆறு தாண்டியது, குகைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மந்திரம் ஒன்றுமில்லை. கொங்கணக் கரையில் லாரியையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தட்டையான பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு லாரி, நாற்பது பெட்டிக்கு நாற்பது லாரி, அதனதன் டிரைவர் அதனதன் சீட்டில், தேரில் ஏற்றி வைத்த உற்சவமூர்த்தி மாதிரி கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்து வரவேண்டியது. நாசிக் வெங்காயம் பதினாறு டன், கோழிக்கோட்டுக்கு. முதலாளி சொல்லி முதல் தடவையாக ஏறியிருந்தான். முப்பத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஆளைச் சும்மா இரு என்றால் இருப்பானா? கை ஸ்டியரிங்கை விடவில்லை. ரயில் வளைந்தபோதெல்லாம் வலது கால் தானாகப் போய்ப் பிரேக்கை அமுக்கியது. ஆடு மாடு குறுக்கே வந்துவிடுமோ என்று கண் தண்டவாளத்தையே மேய்ந்தது. பின்பெட்டி லாரியின் டிரைவர் சாக்கோ, திருச்சூர்க்காரன், ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றபோது மழையில் தலையை நீட்டிக் கேட்டான்: "அண்ணா, வளைவு வந்தா உங்க வண்டி பின்னாடி சிவப்பு லைட் எரியுது. ரயிலை நிறுத்தறது நீங்கதானா?" நாற்பது வண்டியிலும் கேட்கிற மாதிரி சிரித்தான். அர்த்தநாரியும் சிரித்துவைத்தான். 

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் முதலாளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாளி மோகனசுந்தரம் நேற்று போனில் சொன்ன செய்தி இதுதான்: இனி தூரத்து லோடெல்லாம் ரயிலில்தான், நீ இப்போது போகிறாயே அதே மாதிரி, சில சமயம் டிரைவர்கூட வேண்டாம், பெட்டி மட்டும் போகும். ஊர்ப் பக்கம் ரயில் யார்டிலிருந்து மில்லுக்கும் குடோனுக்கும் சரக்கு அடிக்க நாலு கரண்ட் லாரி வாங்குகிறேன், அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் கிடையாது, பொழுது சாய்ந்தால் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். பத்தொன்பது டிரைவரில் நாலு பேர்தான் வேண்டும், முதல் பேர் உன்னுடையது, திங்கட்கிழமை பயிற்சி, வேண்டாமென்றால் பழைய வண்டி இருக்கிறவரைக்கும் பழைய ஓட்டம். வேறு எவனுக்காவது இப்படி ஒரு வாய் வார்த்தை கிடைத்திருந்தால் துள்ளியிருப்பான். அர்த்தநாரி துள்ளவில்லை. தினமும் வீட்டுக்கு. தினமும். அந்தச் சொல்லைப் புளியங்கொட்டை மாதிரி வாய்க்குள் போட்டு உருட்டினான், உடையவில்லை, கரையவும் இல்லை. தினமும் போனால் பாவாயி என்ன சொல்வாள்? பாவாயி அவன் பெண்டாட்டி, கட்டி இருபத்தொன்பது வருஷம், அதில் அவன் வீட்டில் படுத்த ராத்திரிகளை ஒன்றாகச் சேர்த்தால் ஐந்து வருஷம் தேறுமா, தேறாது, அதிலும் பாதி லாரி வேலை நிறுத்தம் நடந்தபோதெல்லாம் படுத்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் கேட்பாள். எப்போதும் கேட்பாள். "எப்பங் கெளம்பறீங்க?" கோபமாகக் கேட்டால் திருப்பி இரண்டு வார்த்தை சொல்லலாம். அப்படி இல்லை. சீயக்காய் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்பாள். எப்பங் கெளம்பறீங்க. அதற்குள் என்ன இருக்கிறது, போய்த் தொலையேன் என்பதா, போகாதே என்பதா, வெறும் கேள்வியா, வெறும் கேள்வியென்றால் ஏன் ஒவ்வொரு தடவையும்?

எதிரே எக்ஸ்பிரஸ் வந்தது. பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டுத்தான் சரக்கு போகவேண்டும் என்பது சட்டம், சரக்குக்குப் பசிக்காது. லாரி ரயில்பெட்டி மேல் நிற்பதால் அவன் இருப்பு உயரம், பனைமரத்தில் பாதி. அங்கிருந்து பார்க்க ஜன்னல் ஜன்னலாக வீடுகள் ஓடுவது போலிருந்தது: ஒருத்தி தலை சீவுகிறாள், ஒருத்தன் வாழைப்பழத்தைப் பாதி உரித்த நிலையில் தூங்குகிறான், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிறார்கள், பேசவில்லை, பார்த்துக்கொள்ளவும் இல்லை, ஆனால் கை இரண்டும் டப்பாவுக்குள் இடித்துக்கொள்ளாமல் மாறி மாறிப் போய்வருகின்றன. அந்தக் கைகளைத்தான் அவன் பார்த்தான். தன் வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு. எவர்சில்வர் டம்ளர், பூப்போட்டது, விருந்தாளிக்கு எடுப்பது, அதில்தான் அவனுக்குக் காப்பி வரும். அவள் குடிக்கும் நசுங்கின டம்ளரை அவன் ஒரு தடவை எடுத்தபோது, அய்யோ அதெதுக்குங் என்று பிடுங்கிக்கொண்டாள். உட்கார நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் உள்ளேயிருந்து எடுத்து வந்து தூசி தட்டிப் போடுவது. மகள் ஓசூரிலிருந்து வந்தால் தரையில் சப்பணம் போட்டு உட்காருவாள், அவன் மட்டும் நாற்காலியில். விருந்தாளியை யாராவது தினமும் வைத்துச் சமாளிப்பார்களா? அதோடு அந்தக் கிரைண்டர். அவன் வீட்டில் படுக்கிற ராத்திரியெல்லாம், சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தானோ இல்லையோ, பாவாயி பக்கத்து அறையில் மாவு கிரைண்டரைப் போட்டுவிடுவாள். கடகடவென்று வீடே அதிரும். பகலெல்லாம் விட்டுவிட்டு அப்போதுதான் மாவாட்ட வேண்டுமா. நாலு வார்த்தை பேசவேண்டி வருமென்று தப்பித்துக்கொள்கிறாள் போல என்று நினைப்பான், நினைப்பு முடிவதற்குள் தூங்கியும் போவான். எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டி போயிற்று, மழை திரும்ப வந்து காலியான இடத்தை நிரப்பியது, அவன் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது, கால் போய்க் கிளட்ச்சை மிதித்தது.

பிறகு குகை வந்தது. ஆறரை கிலோமீட்டர், மலையின் வயிற்றுக்குள். அர்த்தநாரி ஆரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் தான் ரயிலில் இருப்பதை நினைத்தான். வாசனை மாறியது: வெங்காயமும் ஈரக் கல்லும் டீசல் புகையும் சேர்ந்த ஒரு வாசனை. இருட்டில் சொந்தக் கை தெரியவில்லை, ஸ்டியரிங் மட்டும் கைக்குள் இருந்தது, இனி இதற்கு என்ன வேலை? சங்ககிரியில் பட்டறைக்கு எதிர் டீக்கடையில் உலகத்தின் எதிர்காலம் தினமும் காலை ஏழு முதல் ஒன்பது வரை தீர்மானமாகிறது, அங்கே கேட்டதெல்லாம் இருட்டில் வரிசையாக வந்து நின்றது. ஏதோ குளிர் தேசத்தில் ரோட்டுக்கு மேலே கரண்ட் கம்பி கட்டி லாரி அதைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறதாம். கப்பலெல்லாம் எண்ணெயை மறந்து மறுபடி பாய் விரிக்கப் போகிறதாம், ஒவ்வொரு பாயும் சங்ககிரி மலை அகலம். காற்றாலை இறக்கையைத் தூக்கிக்கொண்டு போகப் பலூன் வருமாம், வானத்தில் யானை போவது போல அசைந்து அசைந்து. குழாய்க்குள் பெட்டியைப் போட்டு ஊதினால் சென்னைச் சரக்கு காப்பி ஆறுவதற்குள் பெங்களூரில் விழுமாம். ஆளில்லா லாரி பத்து, ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி, முன்னது நின்றால் பின்னது நின்று, தாபாவைத் திரும்பியும் பார்க்காமல் போகுமாம். அப்படிப் போகிற வண்டிக்கு எலுமிச்சம்பழம் யார் வைப்பார்கள்? செக்போஸ்ட்காரன் யாரை மிரட்டுவான்? பயமாக இருந்தது, ஆனால் பயத்தின் அடியில் இன்னொன்று, ஈரத்தில் காளான் மாதிரி தலை நீட்டியது. வையாபுரி. கூட ஓட்டினவன், தாரமங்கலத்துக்காரன். மூன்று நாள் தூங்காமல் குவாஹாத்தியிலிருந்து வந்தவன் சோலாப்பூர் தாண்டி ஒரு நேரான ரோட்டில், வளைவு இல்லை, மழை இல்லை, எதிரே யாரும் இல்லை, வெறும் தூக்கம், புளியமரத்தில் முடித்தான். அவன் செருப்பை ஒரு பையில் போட்டு அர்த்தநாரிதான் ஊருக்குக் கொண்டுபோனான், அவன் பெண்டாட்டி பையை வாங்கிக்கொண்டு, சாப்புட்டீங்களா என்று கேட்டாள். அந்த ரோட்டுக்கு மேலே ஒரு கம்பி ஓடியிருந்தால். அந்த லாரியை இந்த மாதிரி ஒரு ரயில் சுமந்திருந்தால் வையாபுரி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்திருப்பான், நாற்பது டிரைவரும் தூங்கலாம், உலகத்தில் எத்தனை லட்சம் டிரைவர், எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடினால் அந்தக் குறட்டைக்கே பாய் உப்பிக் கப்பலெல்லாம் கரை சேர்ந்துவிடும். இருட்டில் தனியாகச் சிரித்தான். தூங்கலாம், சரி, விழித்தால் எங்கே விழிப்பது? நீல நாற்காலியிலா?

வெளிச்சம் முகத்தில் அறைந்தது. ரத்னகிரி நெருங்க நெருங்க போனில் கோடு ஒன்று, இரண்டு, மூன்று. மணி ஒன்பதேகால். பாவாயியைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. இதுவும் ஒரு முள். நாலு மாதமாகக் காலையில் ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை அவள் போனை எடுப்பதில்லை. முன்னெல்லாம் ஹைதராபாத்தில் பல் விளக்கிக்கொண்டே கூப்பிட்டாலும் இரண்டாவது மணிக்கு எடுத்துவிடுவாள். என்ன புள்ளே செய்யறே என்று கேட்டால் வேலையா இருந்தேன் என்பாள். என்ன வேலை, ஆடு இல்லை மாடு இல்லை, வீட்டில் இருப்பது ஒற்றை ஆள். நெஞ்சு கேட்டதையெல்லாம் இங்கே சொன்னால் நன்றாக இருக்காது. உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளோ, மறைக்கிறாளோ. இல்லை, பேசப் பேச்சில்லாமல் போனைப் பானைக்குள் போட்டுவைக்கிறாளோ. கோயிலுக்குப் போகிறாளென்றால் தினமும் நாலு மணி நேரம் என்ன கேட்கிறாள் சாமியிடம், யாரைப் பற்றி? யோசனை செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றது, எப்பங் கெளம்பறீங்க, எப்பங் கெளம்பறீங்க, தண்டவாளமும் அதையே தட்டிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் தாண்டும்போது போன் அடித்தது. அவள்தான்.

"ஏனுங், கூப்புட்டீங்களா? இருங், வண்டிய ஓரங்கட்டிக்கறேன்."

டிரைவர் காது பாம்புக் காது. வெள்ளரிக்காய் கடிக்கிற மாதிரி ஒரு சின்ன பிரேக் சத்தம், இன்ஜின் சத்தமே இல்லை, பின்னால் நாலைந்து பெண்கள் கிசுகிசுத்துச் சிரிப்பது. எந்த வண்டி என்று கேட்டான்.  மடியில் முடிந்து வைத்ததை அவிழ்ப்பது போல மெல்ல மெல்ல வந்தது: மகளிர் குழுவில் பேட்டரி ஆட்டோ எடுத்திருக்கிறார்கள், நாலு பேர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள், காலை முறை பாவாயியுடையது. விடியற்காலம் பால் கேன் ஆறு, அதை இறக்கிவிட்டு ஸ்பின்னிங் மில்லுக்குப் பெண்கள் எட்டுப் பேர் இரண்டு நடையாக, திரும்பும்போது பார்சல் மூட்டை. ஆளும் ஏற்றுவேன், சரக்கும் ஏற்றுவேன் என்றாள், அதில் துளி கர்வம் இருந்தது, பதினாறு டன் வெங்காயத்துக்கு முன்னால் ஆறு கேன் பால் என்ன என்று அவன் நினைக்கவே இல்லை. நாலு மாதமாக ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டான்.

"சொன்னா நீங்க ஓட்டறதுக்குச் சொல்லித் தருவீங்க."

பின்னால் பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். நியாயம்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மொபெட் பழக்குகிறேன் என்று கிளம்பி வீதிக்கே கேட்கக் கத்தினான், ஹேண்டிலை ஒடி, ஒடி, இன்னும் ஒடி என்று, அவள் ஒடித்தாள், வண்டி மாட்டுத் தொட்டிக்குள் இறங்கியது, நனைந்த சேலையோடு சாவியை அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே போனவள் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவள் ஓட்டுகிறாள். அவனுக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு ரோடு இருக்கிறது, அந்த ரோட்டில் அவனில்லாமல் மேடு பள்ளம் எல்லாம் பழகிவிட்டது. முதலாளி சொன்னதை மளமளவென்று ஒப்பித்தான், கரண்ட் லாரி, அறுபது கிலோமீட்டர், திங்கட்கிழமை, பன்னிரண்டு மணி. கடைசியில், "தெனமும் நான் ஊட்டுக்கு வந்தா உனக்குத் தொந்தரவா புள்ளே?" என்றான். அவள் மூச்சு இழுப்பது கேட்டது. அத்தோடு மலை வந்து விழுங்கிவிட்டது.

சின்னக் குகைதான், இரண்டு நிமிஷம் இருக்கும், ஆனால் அவன் இருபத்தொன்பது வருஷத்தையும் அதற்குள் ஓட்டிவிட்டான். மகள் பிறந்தபோது அசாமில் சேற்றில் மாட்டிக்கிடந்தது, எட்டாம் நாள் சேதி தெரிந்து வண்டி முகப்பில் சுண்ணாம்பால் பெண் என்று எழுதிவைத்தது. அவள் அப்பன் செத்தபோது எரித்து முடித்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. தீபாவளிக்குத் தீபாவளி வீட்டில் இல்லாமல் இருந்தது. ஒரு தடவை, கட்டிலில் தூக்கம் வராமல், வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த லாரியில் ஏறிப் படுத்துத் தூங்கிப்போனது. காலையில் அவள் டீ கொண்டுவந்து வண்டிக் கதவைத் தட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை, முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்திருந்தாள். கட்டின வீட்டை விட்டு வாசலில் நிற்கிற வண்டியில் போய்ப் படுக்கிறவன் தினமும் வந்து என்ன கிழிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பாள். தொந்தரவு என்பாள், இல்லை சொல்லமாட்டாள், உங்க இஷ்டமுங் என்பாள், அது அதைவிட மோசம். கண் கரித்தது. வெங்காயம்தான் என்று யாரும் கேட்காமலே தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய வெங்காயம்.

குகை உமிழ்ந்தது. மரங்களெல்லாம் கீழே போய்விட்டன: ரயில் ஒரு பாலத்தில் இருந்தது, அடியில் பள்ளத்தாக்கு, அந்த உயரத்தில் கழுகின் முதுகைப் பார்க்கலாம், பார்த்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன் அதற்குள் அடித்துக்கொண்டிருந்தது. அவள் குகையென்றெல்லாம் அறியாமல் பாதி பேசிவிட்டு, அறுந்தது தெரிந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள், எடுத்ததும் நடுவிலிருந்து கேட்டது.

"...அத்தன மாவ யாருங் திங்கறது? நீங்க வண்டீல போய்ப் படுத்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு, அதிராத எடத்துல உங்களுக்குக் கண்ணு மூடாது. கிரைண்டரு ஓடுனாத்தான தூங்கறீங்க. சும்மா ஓட்டுனா கல்லு தேயும், அரிசி போட்டாகோணும். எத்தன நா இருப்பீங்கன்னு தெரிஞ்சா அத்தனைக்கு ஊறப் போடுவேன், அதுக்குத்தான எப்பங் கெளம்பறீங்கன்னு கேக்கறது. கேட்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க."

அர்த்தநாரி பள்ளத்தாக்கைப் பார்த்தான். ஒவ்வொரு ராத்திரியும். அவன் குறட்டை விட, அவள் பக்கத்து அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாவைத் தள்ளித் தள்ளி, அவனுக்காக ஒரு லாரியை வீட்டுக்குள் ஓட்டியிருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவனுக்கு யாரும் அப்படி வண்டி ஓட்டியதில்லை. தினமும் வந்தால் தினமும் மாவாட்ட வேண்டுமே என்று ஏதோ சொன்னான். அதெல்லாம் மில்லுப் பெண்களுக்கு இட்லியாகிவிடும், அது என் கவலை என்று அவள் வெட்டினாள். வெட்டிவிட்டு நிபந்தனை போட்டாள், டிரைவர்கள் லோடு பேசுகிற தோரணையில், ஒன்று ஒன்றாக. காலையில் ஐந்தரைக்கு அவள் வண்டி எடுத்துவிடுவாள், சோறு அவன்தான் வடிக்க வேண்டும். விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து டம்ளர் வரட்டும் என்று பார்க்கக் கூடாது, இத்தனை வருஷம் நாலு நாளைக்கு வந்து போகிற மனுஷனை வேலை வாங்க மனசு வராமல் அப்படி வைத்திருந்தேன், இனி முடியாது. கடைசி நிபந்தனையை மட்டும் நிறுத்திச் சொன்னாள்:

"நான் ஓட்டறப்ப பின்னாடி உக்காருங். ஒடி கிடின்னு ஒரு வார்த்த வரக்கூடாது."

அடுத்த குகை வாயைத் திறந்துகொண்டு எதிரே வந்தது. அதற்குள் சரி புள்ளே என்று சொல்லிவிட்டான், சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை, சேர்ந்திருக்கும். இந்தத் தடவை இருட்டு வேறு மாதிரி இருந்தது. டீக்கடை சொன்ன உலகமெல்லாம் திரும்ப வந்தது, கப்பல் பாய் விரித்து வந்தது, பலூன் அசைந்து வந்தது, கம்பியைத் தொட்டுக்கொண்டு லாரிகள் சத்தமில்லாமல் வந்தன, அத்தனையிலும் ஆள் இருந்தது. எல்லா ரோட்டின் கடைசியிலும் ஒரு வீடு, பொழுது சாய வந்து சேர்கிறவன், கைகால் கழுவுகிறவன், அவனைப் பார்த்து இன்றைக்கு என்ன லோடு என்று கேட்கிறவள், அவளுக்கும் ஒரு லோடு. சோலாப்பூர் தாண்டி அந்தப் புளியமரம் வெறும் புளியமரமாக நின்று காய்த்தது. எட்டுப் பெண்கள் மழையில் நனையாமல் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதுவும் உலகப் போக்குவரத்துதானே, பால் கேன் ஆறு, சங்ககிரி முதல் ஸ்பின்னிங் மில் வரை, அதையும் டீக்கடைக்காரர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்க்காவிட்டால் போகட்டும். அரிசி எத்தனை டம்ளருக்கு எத்தனை தண்ணீர் என்று மட்டும் சாக்கோவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், பாவாயியிடம் கேட்டால் சிரிப்பாள்.

வெளியே வந்ததும் முதலாளியைக் கூப்பிட்டான். மணி பத்துகூட ஆகவில்லை. பேரை எழுதிக்கொள்ளச் சொன்னான். மோகனசுந்தரத்துக்கு நம்பிக்கையில்லை, இத்தனை வருஷத்தில் அர்த்தநாரி எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. வீட்டில் கேட்டாயா, பாவாயி அக்கா என்ன சொன்னது என்று துருவினார்.

"டிரைவருங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டமுங்," என்றான் அர்த்தநாரி.

அவ்வளவுதான் நடந்தது. இப்போது சங்ககிரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கலர் பேட்டரி ஆட்டோ ஒன்று திருச்செங்கோட்டு ரோட்டில் போவதைப் பார்க்கலாம். முன்னால் பாவாயி, பின்னால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி ஓர் ஆள், வேகத்தடை வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். அவரே திங்கட்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து, என் பெண்டாட்டிக்கு வண்டி பழக்கினதே நான்தான், இல்லாவிட்டால் வருமா அந்தக் கை என்று அளந்துகொண்டிருக்கிறார், நாலு பேர் நம்பவும் செய்கிறார்கள். ஆகவே கேட்டதைக் கேட்டபடி வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த டீக்கடையில்தான் நானும் தினமும் காலையில் டீ குடிக்கவேண்டியிருக்கிறது.